தாயின் பள்ளியும் தாயின் பாட்டும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இல்லத்திலேயே வைத்துத் தாமே கற்பிக்க விரும்பும் கிறித்தவத் தாய்மார் நம் நகரச் சபைகளில் ஆங்காங்கே இன்று காணப்படுகின்றனர். அவர்கள் ஆயரிடம் வந்து கருத்துக் கேட்கும்போது, இறையியல் கல்லூரியில் இதைப் பற்றி எதுவும் பயின்றிராத ஆயர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். உலகத்தின் கறை படியாமல் பிள்ளைகளைக் காக்க இதுவே நல்வழி என்று வாழ்த்தி அனுப்புகிறார்; அல்லது, எல்லாரும் செய்வதைச் செய்யுங்கள் என்று கூறி முடித்துவிடுகிறார். இரண்டுமே போதிய மறுமொழி ஆகா.

இவ்வினாவை நகரத்து வசதியுள்ள இல்லத்தை மட்டும் மனத்தில் கொண்டு ஆராய்வதும் முறையன்று. கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அண்மையில், வடக்கனந்தல் என்னும் பேரூர் உள்ளது. முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1993இல் விழுப்புரம் மாவட்டத்தையும் 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் சேர்ந்ததாயிற்று. மேலே மலையில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் அவ்வாறிருப்பினும் அவர்கள் பேசுவது தமிழே. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயிலும் மலைப் பிள்ளைகள் பலர் விடுமுறை நாள்களில்தான் தாயின் முகம் காண்கின்றனர். அத்தாய்மாருள் எழுத்தறியாதவர் பலர். நகரத்துத் தாய் பிள்ளையைப் பள்ளிக்கு விடாமல் வைத்துக்கொள்ள விரும்புகிறார். மலைத் தாயோ பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவிட்டுத் தனித்திருக்கிறார். இவ்விருவருக்கும் திருச்சபை ஒரே சொல்லைச் சொல்ல இயலுமா? இயலும் என்றே கருதுகிறோம். அதை விளக்க, தொலைவிலுள்ள ஓர் இல்லத்திற்கு முதலில் செல்லவேண்டியிருக்கிறது. அவ்வில்லத்திற்கும் நம் தமிழ்க் கடற்கரைக்கும் பலர் அறியாத தொடர்பு ஒன்று உண்டு.

எப்வொர்த் குருமனை

இல்லத்தில் கற்பித்த கிறித்தவத் தாய் என்றவுடன் திருச்சபை வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருபவர் சூசன்னா வெஸ்லி. 1669இல் இலண்டனில், அரசுத் திருச்சபையோடு இணங்காத ஒரு போதகரின் இருபத்தைந்தாம் பிள்ளையாகப் பிறந்தார். சாமுவேல் வெஸ்லி என்னும் குருவானவரை 1688இல் மணந்து பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். எஞ்சியவர்களில் இருவர் ஜானும் சார்ல்சும். கணவர் புலமை மிக்கவர்; ஆனால் கடனை அடைக்க இயலாமல் 1705இல் சிறையிருந்தவர். ஆகவே இக்குருமனையை அமைதியும் செல்வமும் நிறைந்த இல்லமாகக் கற்பனை செய்துகொள்ளலாகாது.

தாம் நடத்திய இல்லப் பள்ளியின் முறைகளை, மகன் ஜான் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 1732ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நீண்ட கடிதத்தில் அவர் எழுதிவைத்தார். ஒரு மகளைத் தவிர வேறெப்பிள்ளைக்கும் ஐந்து வயது நிறையுமுன் எழுத்துக் கற்பிக்கவில்லை. ஐந்து நிறைந்த மறுநாளே பாடம் தொடங்கும். அன்றைக்கு வீட்டு வேலைகளை முன்கூட்டியே ஒழுங்குசெய்து, காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையும், பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரையும் எவரும் அறைக்குள் நுழையாதபடி பார்த்துக்கொள்வார். அந்த ஒரு நாளிலேயே பிள்ளை எழுத்துகள் அனைத்தையும் கற்றுவிடும். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்றாம். அடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்க எடுத்துக்கொண்ட நூல் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். பாலபாடம் என்று தனி நூல் இல்லை. பெண்பிள்ளை நன்றாக வாசிக்கக் கற்கும்வரை அவளைத் தையல் வேலைக்கு விடலாகாது என்னும் விதியும் அங்கு இருந்தது. பெண்களுக்கு ஊசியே போதும் என்றிருந்த காலத்தில் எழுந்த விதி அது. நம் ஊர்களில் பெண்பிள்ளையைத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிடும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதை இங்கே நினைவுகூர்வது தகும்.

இப்பள்ளியில் பாட்டு எப்பொழுது நுழைந்தது என்பது கருதத்தக்கது. 1709ஆம் ஆண்டு பெப்ருவரியில் குருமனை தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயதுச் சிறுவன் ஜான் சாளரத்தின் வழியாக மீட்கப்பட்ட செய்தியை யாவரும் அறிவர். அத்தீயினால் தாயின் பள்ளியும் சிதறியது. புதிய இல்லம் எழும்வரை பிள்ளைகள் வேறு வேறு குடும்பங்களில் தங்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது அவர்கள் தகாத பாட்டுகளையும் தகாத பழக்கங்களையும் கற்று வந்திருந்தனர் என்று தாய் வருந்தி எழுதுகிறார். அதற்கு அவர் கண்ட மாற்றில்தான் அவருடைய நுண்ணறிவு விளங்குகிறது. பாட்டு வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. காலையிலும் மாலையிலும் பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கீதம் பாடும் வழக்கத்தை அப்பொழுதுதான் ஏற்படுத்தினார். மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை கடைசிப் பிள்ளையையும், இரண்டாம் பிள்ளை அதற்கு முந்தியதையும் அழைத்துச் சென்று, அந்நாளுக்குரிய சங்கீதங்களையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் வாசித்துக் காட்டவேண்டும். கற்ற பிள்ளையே கற்பிக்கும் பிள்ளையாயிற்று. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளை இயற்றியவரும், கிறிஸ்து பிறப்பு நாளில் நாம் பாடும் பாமாலைப் பாட்டு ஒன்றின் மூலத்தை அளித்தவருமான சார்ல்ஸ் வெஸ்லி வளர்ந்தது இவ்வில்லத்தில்தான். தந்தையும் கவிஞரே, ஆகவே முழுப்புகழையும் தாய்க்கே சூட்டுவது நேர்மையாகாது. ஆயினும் பாட்டின் வழியே இறையியலைக் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் அம்மகனுக்குப் புதிதாகத் தோன்றியிராது.

பிள்ளைகள் சிதறியிருந்த அக்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. உடனிருந்து கற்பிக்க இயலாத மகள் ஒருத்திக்கு, அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தின் விளக்கத்தை 1710ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கடிதமாகவே அவர் எழுதியனுப்பினார். பள்ளி என்பது அவருக்கு ஓர் அறையாக இருந்திருப்பின், அது எரிந்த அன்றே முடிந்திருக்கும்.

தரங்கம்பாடியிலிருந்து சென்ற செய்தி

1711ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கணவர் குருமார் பேரவைக்காக இலண்டன் சென்றிருந்தார். அந்நாள்களில், தந்தையின் படிப்பறையில் இருந்த ஒரு நூலை மகள் எமிலி கண்டெடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பட்ட இரு மிஷனெரிமார் தமிழகத்தில் ஆற்றிய பணியின் வரலாறு அது. 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளூச்சோவுமே அவ்விருவர். தமிழ்ப் பிள்ளைகளோடு திண்ணைப் பள்ளியில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகிய சீகன்பால்குவை நாம் நன்கு அறிவோம்; 1707இலேயே அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவரும் அவரே.

அவ்வரலாறு சூசன்னாவின் உள்ளத்தைப் பல நாள் ஆட்கொண்டிருந்தது என்பதை 1712 பெப்ருவரியில் அவர் கணவருக்கு எழுதிய கடிதத்தால் அறிகிறோம். தாம் ஆண்மகனும் அல்லர், குருவும் அல்லர்; எனினும் தம்மால் இயன்ற ஒன்றைக் கூடுதலாகச் செய்யவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. முதலாவது, ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்து, அதன் உள்ளத்தின் நிலைபற்றிப் பேசத் தொடங்கினார். கிழமைக்கு ஒரு பிள்ளை. ஞாயிறன்று மட்டும் இருவர். ஜானுக்கு வியாழன், சார்ல்சுக்குச் சனி. பிற்காலத்தில், கல்லூரிப் பேராசிரியராக வளர்ந்த பின்னரும், அந்த வியாழக்கிழமை மாலைநேரத்தை மீண்டும் தருமாறு ஜான் தாயிடம் வேண்டிக்கொண்டார்.

இரண்டாவதாக, ஞாயிறு மாலையில் பிள்ளைகளுக்காகவும் வேலையாள்களுக்காகவும் அவர் நடத்திய குடும்ப வழிபாட்டுக்கு அக்கம்பக்கத்தார் வரலாயினர். வந்தவர்களை அவர் திருப்பியனுப்பவில்லை. சிறிது காலத்தில் ஏறக்குறைய 200 பேர் கூடினர். இடமின்றித் திரும்பிச் சென்றவர்களும் உண்டு. கணவருக்குப் பதிலாகப் பணியாற்றிய துணைக்குரு மனம் நொந்து முறையிட்டார். பெண் வழிபாடு நடத்துவது தகுமா என்று கணவர் கடிதம் எழுதினார். நிறுத்தவேண்டும் என்று விரும்பினால் வெறும் அறிவுரை போதாது, வெளிப்படையாகக் கட்டளையிடவேண்டும். ஆன்மாக்களுக்கு நன்மை செய்யும் வாய்ப்பைப் புறக்கணித்த பழி அப்பொழுதுதான் தம்மேல் விழாது என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார். கணவர் கட்டளையிடவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளின் நடுவே மணலில் அமர்ந்த ஒருவரைப் பற்றிய செய்தி, ஆங்கில நாட்டுக் குருமனை ஒன்றில் ஒரு தாயைத் தன் பிள்ளைகளோடு தனித்தனியே பேச வைத்தது. பின்பு அவ்வில்லத்தின் கதவை ஊராருக்குத் திறக்கவும் வைத்தது. மேனாட்டிலிருந்து நற்செய்தி இங்கு வந்தது என்று மட்டுமே கற்பிக்கப்பட்ட நம் மாணவர்கள், இங்கிருந்து சென்ற இச்செய்தியையும் அறிந்திருத்தல் நலம். வெஸ்லியரின் வழிவந்த மிஷனெரிமார் 1814இல் இலங்கைக்கும், சில ஆண்டுகளில் சென்னைக்கும் வந்தனர். டேனிய மக்களின் மிஷன் பணி வேறொரு சங்கத்தின் வாயிலாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டிற்குள் வந்தது. அதன் கனியே ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

ஹெற்றியின் துயரம்

இவ்வளவும் கூறிய பின்னர், மறைத்துவிட விரும்பத்தகாத ஒன்றையும் கூறியாகவேண்டும். பிள்ளையின் சித்தத்தை இளமையிலேயே அடக்கிவிடவேண்டும் என்பது சூசன்னாவின் கொள்கைகளில் முதன்மையானது. ஒரு வயதுக் குழந்தையும் ஓசையின்றி அழக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பது அவ்வீட்டு ஒழுங்கு. பிரம்பும் பயன்பட்டது. அக்காலத்து வழக்கம் அது என்று கூறி இதைக் கடந்துவிடலாம்; நாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. எட்டு வயதில் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை வாசித்தவள் என்று புகழப்பட்ட மகள் ஹெற்றி, பின்னாளில் ஒரு தவறு செய்தபோது, தந்தை அவளை ஏற்க மறுத்தார். அவள் மனத்துக்கு ஒவ்வாத ஒருவருடன் மணம் முடிந்தது. அவள் எழுதிய கவிதைகளில் அத்துயரம் பதிந்துள்ளது. அவளுக்காகப் பரிந்து பேசியவர்களில் தம்பி ஜானும் ஒருவர். சிறப்பாகக் கற்பிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, தவறியபோது திரும்பி வர ஓர் இல்லம் இருக்கவில்லை. இல்லப் பள்ளியை விரும்பும் நம் பெற்றோர் சூசன்னாவின் கால அட்டவணையைப் பின்பற்றுவதற்கு முன் ஹெற்றியின் வரலாற்றை வாசிப்பது நன்று. லூக்கா 15ஆம் அதிகாரத்தின் தந்தையை வகுப்பறையில் விளக்குவது எளிது. குருமனையில் அவராக இருப்பது அவ்வளவு எளிதன்று.

தமிழ் இல்லங்கள்

தமிழ்நாட்டில் இத்தகைய தாய்மார் இருந்தார்களா என்று கேட்பின், இருந்தார்கள். ஆனால் அவர்களைப் பற்றிய குறிப்புகள் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. தரங்கம்பாடி மிஷனில் வளர்ந்து திருநெல்வேலியில் பணியாற்றிய ஜான் தேவசகாயம் ஐயரின் மகள் அன்னா சத்தியநாதன் அவர்களுள் ஒருவர். சத்தியநாதன் ஐயரின் துணைவியாராகச் சென்னைக்கு வந்து, இந்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தி, வீட்டைவிட்டு வெளியே வராத பெண்களை அவர்கள் இல்லத்திலேயே சந்தித்துக் கற்பித்து, 1878இல் மறைந்தார். ‘நல்ல தாய்’ என்னும் நூலைத் தமிழில் எழுதியவரும் அவரே. தம் இல்லத்தில் கற்பித்தவர் பிறர் இல்லங்களிலும் கற்பித்தார். எப்வொர்த்தில் ஊரார் உள்ளே வந்தனர். சென்னையில் தாய் வெளியே சென்றார். வேறுபாடு அவ்வளவே.

இசையைப் பற்றிக் கூறின், தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் இல்லத்தை விட்டுவிட இயலாது. 1882இல் அவர் மணந்த ஞானவடிவு பொன்னம்மாள், தஞ்சை லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர். கணவரும் அங்கே தமிழாசிரியர். பின்னர் பண்டிதர் சித்த மருத்துவத்திலும் இசையாராய்ச்சியிலும் ஈடுபட்டு 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். நம் பொருளுக்கு அதனினும் நெருக்கமானது 1907இல் வந்த ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’. இசை பயிலத் தொடங்குவோர் அந்நாளில் பெரும்பாலும் பொருள் விளங்காத தெலுங்கிலும் வடமொழியிலும் பாடம் பண்ணவேண்டியிருந்தது. பண்டிதரோ கீதம், சுரசாதி, வர்ணம், கீர்த்தனை என்று படிமுறையாக, இறைவனைப் போற்றும் தமிழ்ப் பாடல்களை அமைத்துத் தந்தார். வாயில் நுழைவது உள்ளத்திலும் நுழையவேண்டும் என்பதே நோக்கம். 1916இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் அவருடைய சுருதிக் கொள்கையை அறிஞர் நடுவே வீணையில் இசைத்தும் பாடியும் காட்டியவர்கள் அவ்வில்லத்துப் பெண்மக்களாகிய மரகதவல்லியும் கனகவல்லியும். பெண்கள் அவையேறிப் பாடுவதைக் குடும்பங்கள் இழிவாகக் கருதிய காலம் அது என்பதை மறக்கலாகாது. இன்னொரு மகன் வரகுண பாண்டியன் யாழ் பற்றி ‘பாணர் கைவழி’ என்னும் நூலை எழுதினார். ஓர் ஆசிரியையும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து நடத்திய இல்லம் இது. நூல்கள் தந்தையின் பெயரில் வந்தன. பொன்னம்மாளின் பங்கு எவ்வளவு என்பதை அளந்து எழுதியவர் இல்லை.

எந்தப் பாட்டு?

திருமறையும் பாட்டைக் கற்பித்தலின் கருவியாகவே காட்டுகிறது. உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கடமையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்குக் கூர்மையாக்குதல் என்னும் பொருளும் உண்டு. சாணைக்கல்லில் மீண்டும் மீண்டும் தீட்டுவதுபோல் அது நடைபெறவேண்டும். வீட்டில் அமர்ந்திருக்கையிலும் வழி நடக்கையிலும். அந்நூலின் 31ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நியாயப்பிரமாணத்தை மக்கள் மறந்துபோகும் காலத்திலும் அவர்கள் சந்ததியின் வாயில் நின்று சான்று பகரும்படி ஒரு பாட்டை எழுதிக் கற்பிக்குமாறு மோசே கட்டளை பெறுகிறார். ஏடு மறைந்தாலும் பாட்டு நிற்கும் என்னும் எண்ணம் இங்கு உள்ளது.

அன்னாளின் பாட்டையும் மரியாளின் பாட்டையும் அருகருகே வைத்து வாசிப்போர் அவற்றின் ஒற்றுமையைக் காணத் தவறார். நாசரேத்தூர்ப் பெண்ணொருத்தி பழைய பாட்டின் அடிகளை உள்ளத்தில் சுமந்திருந்தாள் எனின், ஏடு வாங்கிப் படித்தன்று, காதால் கேட்டே கற்றிருப்பாள் என்று எண்ண இடமுண்டு. அப்பாட்டுகளின் பொருளோ தாலாட்டுக்குரிய மென்மை உடையதன்று. பசித்தோர் நிறைவுறுவதையும் வலியோர் வில் ஒடிவதையும் தாழ்ந்தோர் உயர்வதையும் அவை பாடுகின்றன. கல்வராயன் மலையில் ஜாகீர் முறை 1976இல்தான் ஒழிந்தது. அதற்கு முன் ஜாகீர்தாருக்குக் கூலியின்றி உழைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளே இன்று உறைவிடப் பள்ளிகளில் இருக்கின்றனர். அவர்கள் தாய்மார் எந்தப் பாட்டைக் கற்பிக்கிறார்கள் என்பது அற்பமான வினாவன்று. பணிந்திரு, பொறுத்திரு என்று மட்டுமே சொல்லும் பாட்டுகளை நாம் அவர்கள் வாயில் வைத்திருக்கிறோமா என்று ஆயர்கள் தம் பாட்டுப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும்.

நகரத்துத் தாய்க்கும் மலைத் தாய்க்கும் சொல்லவேண்டியது என்ன என்று தொடக்கத்தில் கேட்டோம். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. வீட்டில் கற்ற பிள்ளை தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகத் தேர்வு எழுதலாம். ஆயினும் ஆயர் கேட்கவேண்டிய வினா சட்டத்தோடு முடிவதில்லை. இவ்வில்லத்தின் கதவு திறந்திருக்குமா? அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு, எழுத்தறியாத வேலைக்காரியின் பிள்ளைக்கு, அங்கே இடமிருக்குமா? தவறிய பிள்ளை திரும்பி வர இயலுமா? இவற்றிற்கு ஆம் என்று விடை வரின், அத்தாயை ஆயர் மனமார வாழ்த்தலாம். பிற சாதிப் பிள்ளைகளோடு தம் பிள்ளை ஒரே விசிப்பலகையில் அமராதிருக்கவே இல்லப் பள்ளி தேடப்படுகிறது என்று ஐயம் எழின், அதை அன்போடும் வெளிப்படையாகவும் கேட்டுவிடுவதே ஆயரின் கடமை.

மலைத் தாயைப் பொறுத்தவரை, அன்னாளே அவருக்கு நெருங்கியவர். அன்னாள் சாமுவேலைப் பால் மறக்கும்வரையே தன்னிடம் வைத்திருந்தாள். பின்பு சீலோவில் விட்டுவிட்டாள். பாட்டு எழுந்தது அந்தப் பிரிவின் வேளையில்தான். ஆண்டுதோறும் ஒரு சிறிய சட்டையைத் தைத்து எடுத்துச் சென்றாள் என்று 1 சாமுவேல் 2ஆம் அதிகாரம் கூறுகிறது. வளர்ந்துவரும் பிள்ளையின் அளவை, காணாமலே அவள் மனத்தில் கணித்திருக்கவேண்டும். வடக்கனந்தலைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மலைமேலும் பணிபுரியும் ஆயர்கள், கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டிலிருக்கும் வாரங்களில், தாயும் பிள்ளையும் சேர்ந்து மூன்று நான்கு பாட்டுகளை முழுமையாக மனப்பாடம் பண்ணுமாறு செய்யலாம். பாடகர் குழுவுக்கு முன்பே தாய்மாருக்குக் கற்பிக்கலாம், பொருளையும் விளக்கலாம், அவர்கள் ஏர் ஓட்டிலும் நடவிலும் பாடிவரும் மெட்டுகளைக் கேட்டறிந்து அவற்றையும் பயன்படுத்தலாம். பள்ளி திறந்ததும் பிள்ளை விடுதிக்குத் திரும்பும். மாலை விளக்கேற்றும் நேரத்தில் விடுதியில் பிள்ளையும் குடிசையில் தாயும் அதே பாட்டைப் பாடுவார்கள்.